வீட்டு இணைய இணைப்பை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் தீர்மானிக்கலாமா?

பொருநை

எனக்கு இணைப்பு வழங்கும் நிறுவனத்திடமிருந்து அண்மையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் இணைப்பு "குடியிருப்புப் பயன்பாட்டுக்குப் பொருந்தாத" முறையில் பயன்படுத்தப்படுவதாகவும், இது தொடர்ந்தால் வேகம் குறைக்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். நான் செய்வது வணிகம் அன்று. வீட்டில் ஒரு சிறிய சர்வர் வைத்துக் குடும்பப் படங்களையும் காணொளிகளையும் சேமிக்கிறேன். வெளிநாட்டில் வசிக்கும் தம்பியின் வீட்டிலும் அவற்றுக்கு ஒரு படி இருக்க வேண்டும் என்பதற்காக இரவு நேரத்தில் அவை தாமாகவே அங்கு அனுப்பப்படுகின்றன. நான் பணம் கட்டுவது "அன்லிமிடெட்" திட்டத்துக்கு. அதன் அடிக்குறிப்பில் மாதம் 3300 ஜி.பி. என்ற வரம்பு உண்டு. அந்த வரம்பை நான் ஒரு மாதமும் நெருங்கியதில்லை.

ஒப்பந்தத்தில், வாடிக்கையாளர் சர்வர் எதையும் இயக்கக் கூடாது, இணைப்பைப் பிறருடன் பகிரக் கூடாது, "அளவுக்கு மீறிய" பதிவேற்றம் செய்யக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அளவு எது என்று எங்கும் சொல்லப்படவில்லை. எவ்வளவு பயன்படுத்தலாம் என்று வரையறுப்பதை என்னால் ஏற்க முடிகிறது. எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் உரிமை இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

கம்பிவடம்

கேபிள் டிவி தொழிலிலிருந்து ஃபைபர் இணையத்துக்கு வந்தவன் நான். கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில், மேல்நிலை நிறுவனம் ஒன்றிடம் பாண்ட்வித் (நொடிக்கு இவ்வளவு தரவு என்ற கொள்ளளவு) மொத்தமாக வாங்கி வீடுகளுக்குக் கொடுத்து வருகிறேன். ஆகையால் கொடுப்பவர் தரப்பையும் ஒருவர் சொல்லட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு வரும் இழை உங்கள் ஒருவருக்கே உரியது அன்று. எங்கள் அலுவலகத்தில் உள்ள ஓ.எல்.டி. கருவியின் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை இழைதான் வழியில் ஸ்ப்ளிட்டர்களில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஜிபான் எனப்படும் இந்தப் பகிர்வு முறையில் அந்த ஒரு போர்ட்டின் மொத்தக் கொள்ளளவு இறங்கு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், ஏறு திசையில் அதில் பாதி. 64 வீடுகளுக்கும் 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை விற்றால் நான் வாக்களித்திருப்பது 6.4 ஜிகாபிட். ஆயிரம் பேருக்கு அழைப்பிதழ் வைத்த கல்யாண வீட்டார் ஒரே பந்தியில் ஆயிரம் இலை போடுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்ற அனுபவத்தின் பேரில்தான் மாதம் சில நூறு ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்க முடிகிறது.

இரவு ஒன்பது மணிக்கு அறுபது வீடுகளில் படம் ஓடினாலும் எனக்குப் பெரிய சிரமமில்லை, ஏனெனில் யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் படங்களின் படிகளைச் சேமித்துத் தரும் தங்கள் கேஷ் சர்வர்களை இணைய நிறுவனங்களின் வளாகங்களிலேயே வைத்திருக்கின்றன. அந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதி வெளியே போவதே இல்லை. பொருநை அவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு கோப்போ நான் விலை கொடுத்து வாங்கும் பாண்ட்வித்தில்தான் போகிறது. அதோடு, வீட்டில் சர்வர் வைப்பவர்கள் எல்லோரும் அவரைப் போல விவரமானவர்கள் அல்லர். 2016இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றி, அக்டோபரில், தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மீது தாக்குதல் நடத்தியபோது டுவிட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின. என் வாடிக்கையாளர் வீட்டுக் கேமரா அத்தகைய வேலையைச் செய்தால் புகார் எனக்குத்தான் வருகிறது. கட்டுப்பாடே கூடாது என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைப்பனை

கம்பிவடம் அவர்கள் தந்த எண்களை ஏற்றுக்கொண்டே ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 3300 ஜி.பி. என்பதை முப்பது நாளுக்குச் சீராகப் பரப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 10 மெகாபிட் வருகிறது. ஒரு போர்ட்டில் உள்ள 64 வீடுகளும் அந்த வரம்பை முழுவதும் தீர்த்தால்கூடச் சராசரிப் பளு 650 மெகாபிட்தான். கொள்ளளவில் அது கால்பங்குக்குச் சற்று மேல். நெரிசல் வருவது மாதக் கூட்டுத்தொகையால் அன்று, இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை எல்லோரும் சேர்ந்து கேட்பதால். அதிகாலை மூன்று மணிக்கு 500 ஜி.பி. இறக்குபவர் யாருக்கும் இடையூறு செய்யவில்லை. இரவு ஒன்பது மணிக்கு 5 ஜி.பி. எடுப்பவர் செய்கிறார். மாத வரம்போ முதலாமவரைத் தண்டிக்கிறது, இரண்டாமவரைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே அதை நெரிசல் மேலாண்மை என்று அழைப்பது பொருந்தாது; அது விலை நிர்ணயம். விலை நிர்ணயிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, ஆனால் "அன்லிமிடெட்" என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டுச் செய்யட்டும்.

மேல்நிலை நிறுவனத்திடம் அவர் வாங்குவதும் மாதத்துக்கு இத்தனை ஜி.பி. என்ற கணக்கில் அன்று, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில்தான். உச்ச நேரத்துக்குப் போதுமான அளவு வாங்கிவிட்டால் விடியற்காலையில் அது சும்மா கிடக்கிறது. பொருநையின் படங்கள் அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில் போனால் கூடுதல் செலவு எவ்வளவு என்று அவரே சொல்லட்டும்.

"எதற்கு" என்ற கேள்வியை நிறுவனம் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க இணைய நிறுவனமான காம்காஸ்ட் விவகாரம் உதாரணம். 2007இல் ராப் டோபோல்ஸ்கி என்ற வாடிக்கையாளர், பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய பார்பர்ஷாப் நால்வர் பாடல்களை, பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பரிமாறும் பிட்டோரன்ட் வழியாகப் பகிர முயன்றபோது இணைப்புகள் காரணமின்றி அறுந்துகொண்டே இருந்தன. வலையமைப்புப் பொறியாளரான அவர் பாக்கெட்டுகளை, அதாவது இணைப்பில் செல்லும் தரவுத் துண்டுகளை, சோதித்தார். இரு முனைகளும் அனுப்பாத "இணைப்பை முடி" என்ற டி.சி.பி. ரீசெட் செய்தியை நடுவிலிருந்து காம்காஸ்ட்டே போலியாக உருவாக்கி அனுப்புவது தெரியவந்தது. முதலில் மறுத்த நிறுவனம், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானாகச் சோதித்து வெளியிட்ட பிறகே இறங்கி வந்தது. பாடல் பழையதா, திருட்டுப் படமா என்று அந்தக் கருவி பார்க்கவில்லை. நெரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. பிட்டோரன்ட் என்றாலே வெட்டு.

இதன் பின்பாதி அதிகம் பேசப்படுவதில்லை. எதிர்ப்புக்குப் பிறகு 2008இன் இறுதியில் காம்காஸ்ட் வேறொரு முறைக்கு மாறி, அதன் விவரத்தை ஆர்.எஃப்.சி. 6057 என்ற பொது ஆவணமாகவே வெளியிட்டது. ஒரு பகுதியின் போர்ட் கால்மணி நேரமாகத் தன் கொள்ளளவின் எல்லையை நெருங்கிக் கொண்டிருந்தால் மட்டுமே அது செயல்படத் தொடங்கும். அப்போது, தம் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அந்தக் கால்மணி நேரமும் எடுத்துக்கொண்டிருப்பவரின் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை குறையும். அவர் பாதிக்குக் கீழே இறங்கியதும் பழைய நிலை திரும்பும். என்ன கோப்பு, எந்தச் செயலி, யாருக்குப் போகிறது என்ற எந்தக் கேள்வியும் அதில் இல்லை. உள்ளடக்கத்தைப் பார்க்காமலேயே நெரிசலைக் கையாள முடியும் என்பதை, அதைப் பார்த்தே தீருவேன் என்று நின்ற நிறுவனமே செய்து காட்டிவிட்டது.

வழக்காடி

சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாதம் தொடரட்டும்.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை பொதுமக்கள் பேச்சுக்கு வந்தது 2014 டிசம்பரில், இணையவழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கப் போவதாக ஏர்டெல் அறிவித்துப் பின்வாங்கியபோது. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைப்பதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் அபராதம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவை விட்டு வெளியேறியது அதனால்தான். விலைக்கு அடுத்தபடியாக வேகம். 2017 நவம்பரில் டிராய் செய்த பரிந்துரையைத் தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்டு, தடுத்தல், தரம் குறைத்தல், வேகம் குறைத்தல், ஒன்றுக்கு மட்டும் கூடுதல் வேகம் தருதல் ஆகியவற்றை உரிம நிபந்தனைகளின் வாயிலாக விலக்கியது. இந்தப் பாகுபாடு உள்ளடக்கத்தை மட்டுமின்றி அனுப்புநர், பெறுநர், நெறிமுறை (புரோட்டோகால்), பயனரின் கருவி ஆகியவற்றைப் பொறுத்து இருந்தாலும் தவறு என்பதே டிராய் பரிந்துரையின் வரையறை. போக்குவரத்து மேலாண்மைக்கு இடமுண்டு. ஆனால் அது அளவோடும் தற்காலிகமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும்.

பொருநையின் நிறுவனம், நெரிசல் இல்லாத இரவு நேரத்தில், "சர்வர்" என்ற ஒரே காரணத்துக்காக வேகத்தைக் குறைத்தால் அது இந்த மூன்று அளவுகோல்களில் ஒன்றையும் நிறைவு செய்யாது என்பது என் கருத்து. ஆனால் நிறுவனங்களுக்கு ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. "நாங்கள் நெறிமுறையைப் பார்த்துக் குறைக்கவில்லை, ஒப்பந்தத்தை மீறியதற்காகக் குறைத்தோம்" என்று சொல்வார்கள். உரிம நிபந்தனை செய்யக் கூடாது என்று சொல்வதை வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெற்றுச் செய்துகொள்ளலாமா என்பதற்கு எந்தத் தீர்ப்பும் என் பார்வைக்கு வந்ததில்லை.

யாழ்வாசி

இந்தியாவில் நீங்கள் 2016இல் முடித்துவிட்ட விவாதம் எங்களுக்கு இன்னும் அன்றாட வாழ்க்கை. இலங்கையில் ஒரு செயலிக்கு மட்டும் செல்லுபடியாகும் தரவுப் பொதிகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. முகநூலுக்கு ஒரு பொதி, யூடியூபுக்கு ஒரு பொதி. வீட்டு இணைப்புகளில் பகலுக்கு ஓர் அளவும் நள்ளிரவுக்குப் பின் இன்னோர் அளவும் என்று பிரித்து விற்கும் வழக்கமும் எங்களிடம் நெடுநாளாக இருந்தது.

இரண்டாவது ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஒற்றைப்பனை சொன்ன நெரிசல் கணக்கின்படி பார்த்தால் அது நியாயமானது. இரவில் இறக்கிக்கொள்ள முடிந்தவர்கள் இறக்கிக்கொண்டோம். என் மனக்குறை முதலாவதைப் பற்றியது. குறைந்த வருமானமுள்ள குடும்பத்தில் முகநூல் பொதி மட்டுமே வாங்கப்படுகிறது. பகிரப்பட்ட செய்தியின் தலைப்பு தெரியும், இணைப்பைத் தொட்டால் செய்தித்தளம் திறக்காது. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தடை செய்யவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக நடந்த வகுப்புகளுக்குத் தரவுக் கட்டணம் இல்லை என்று தொலைபேசி நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. கைபேசியை மட்டும் நம்பியிருந்த கிராமப்புற மாணவர்கள் அதனால்தான் படிக்க முடிந்தது. உங்கள் இந்திய விதியின்படி அது குற்றமாகியிருக்குமா?

வழக்காடி

யாழ்வாசி அவர்களே, 2016 ஒழுங்குமுறையில் அவசரகாலச் சேவைகளுக்கும் பொது நெருக்கடிக்கும் விலக்கு உண்டு. பெருந்தொற்றுக் காலம் அதில் அடங்கும் என்று வாதாட இடமிருக்கிறது. எவ்வாறாயினும், அரசு பொதுநலனுக்காக வெளிப்படையாகச் செய்யும் விலக்கும், ஒரு நிறுவனம் தன் வணிகக் கூட்டாளிக்காகச் செய்யும் விலக்கும் ஒன்றல்ல. நிறைய டேட்டா இலவசமாகக் கொடுத்து, எதற்கு என்று கேட்காமல் விடுவது இந்தியச் சட்டத்தில் எப்போதும் அனுமதிக்கப்பட்டதே.

கம்பிவடம்

ஒற்றைப்பனையின் கணக்கில் தவறு காண முடியவில்லை. விடியற்காலைப் பதிவேற்றத்தால் எனக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் காம்காஸ்ட் செய்ததை என்னைப் போன்றவன் செய்ய, நொடிக்கு நொடி பளுவைப் பார்த்து முன்னுரிமையை மாற்றும் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். என்னிடம் இருப்பது பில்லிங் மென்பொருள். அதில் மாத அளவைக் குறித்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மாத வரம்பு நியாயமான அளவுகோல் என்பதற்காக அன்று, கைக்கு எட்டிய ஒரே அளவுகோல் என்பதற்காகத்தான் சிறு நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வரம்பைத் தாண்டினாலும் இணைப்பு அறுவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. கம்பிவழி பிராட்பேண்டில் அதற்குப் பிறகும் 512 கே.பி.பி.எஸ். வேகத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 2016இலேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

ஒற்றைப்பனை

பிராட்பேண்டு என்பதன் குறைந்தபட்ச வேகத்தை 2023இல் அரசு 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்திவிட்டதே. 512 கே.பி.பி.எஸ். வேகத்தில் இன்றைய வங்கித் தளம் திறந்து முடிவதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும்.

அளவுக் கட்டுப்பாடு என்பதாலேயே அது தீங்கற்றது என்றும் நான் சொல்ல வரவில்லை. 2018இல் கலிபோர்னியாவில் மென்டசினோ காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோது, சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் ஒருங்கிணைப்பு வாகனத்துக்கான வெரைசன் இணைப்பு, மாத வரம்பைத் தாண்டியது என்று வேகம் குறைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் பெயரும் "அன்லிமிடெட்" தான். வேகத்தைத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்டவர்களிடம் இதைவிட விலை கூடிய திட்டத்துக்கு மாறும்படி நிறுவனத்தார் சொன்னார்கள். அது வாடிக்கையாளர் சேவையில் நேர்ந்த தவறு என்று வெரைசன் பின்னர் ஒப்புக்கொண்டது. உள்ளடக்கத்தைப் பார்க்காத விதிதான். ஆனால் நெரிசலையும் பார்க்காத விதி.

சாலையோரம்

ஒப்பந்தத்தில் உள்ள "பகிரக் கூடாது" என்பதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நான் தேநீர்க் கடை நடத்துபவன். 2020 டிசம்பரில் மத்திய அரசு பி.எம்.-வாணி திட்டத்தைக் கொண்டுவந்தபோது, என்னைப் போன்ற கடைக்காரர்கள் உரிமமும் உரிமக் கட்டணமும் இல்லாமல் வைஃபை வைத்துச் சிறு தொகைக்கு டேட்டா விற்கலாம் என்றார்கள். ஆர்வத்தோடு என் இணைய நிறுவனத்தைக் கேட்டேன். வீட்டுத் திட்டத்தைப் பகிர்வது ஒப்பந்த மீறல் என்றும், பகிர வேண்டுமென்றால் லீஸ்டு லைன் எனப்படும் தனி இணைப்பு வாங்க வேண்டும் என்றும் பதில் வந்தது. அதன் விலையில் கடைக்கு வாடகையே கட்டிவிடலாம். அரசு அனுமதித்ததை ஒப்பந்தத்தின் ஒரு வரி தடுத்துவிட்டது.

2025 ஜூனில்தான் டிராய் இதில் தலையிட்டது. 200 எம்.பி.பி.எஸ். வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களை இந்தக் கடைகளுக்கும் தர வேண்டும், கட்டணம் வீட்டுக் கட்டணத்தைப் போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. இரு மடங்கு என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. என் கடையில் பத்துப் பேர் உட்கார்ந்து பயன்படுத்தினால் வீட்டைவிடப் பளு கூடத்தான் செய்யும். அதற்கு விலை கொடுக்கத் தயார். "செய்யவே கூடாது" என்பதுதான் பொறுக்கவில்லை.

பொருநை

சாலையோரம் அவர்கள் எழுதியது என் நிலையை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறது. ஏறு திசையில் ஒரு போர்ட்டுக்கு 1.25 ஜிகாபிட்தான் என்று கம்பிவடம் அவர்கள் சொன்ன பிறகு, நான் எட்டு மணிக்குப் படங்களை அனுப்பத் தொடங்கினால் தெருவில் உள்ளவர்களுக்கு அது உறைக்கும் என்பது புரிகிறது. என் சர்வரில் நேரத்தை ஒன்றரை மணிக்குப் பிறகு என்று அமைத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவனம் கேட்டது அதுவன்று. சர்வரை நிறுத்தச் சொல்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மின்னஞ்சலுக்கான 25ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் மூடி வைத்திருக்கின்றன (இது ஓ.எல்.டி. கருவியின் போர்ட் அன்று, மென்பொருளின் வாயில் எண்). அதையும் உரிமை மீறல் என்று சொல்ல வேண்டுமா?

ஒற்றைப்பனை

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தீநிரல் புகுந்த வீட்டுக் கணினிகள் குப்பை அஞ்சல் அனுப்புவது பெரும்பாலும் அந்த வழியில்தான். சாதாரண வாடிக்கையாளர் தன் அஞ்சலை 587 அல்லது 465ஆம் போர்ட் வழியாக அனுப்புவதால் அவருக்கு அது மூடியிருப்பதே தெரியாது. காப்பு என்ற பெயரில் வரும் கட்டுப்பாட்டிடம் நான் எதிர்பார்ப்பது, வாடிக்கையாளர் கேட்டால் திறந்துவிட வேண்டும் என்பதுதான். நிலையான ஐ.பி. முகவரிக்குப் பணம் கட்டுபவருக்கும் திறக்க மாட்டோம் என்றால் அது காப்பு அன்று.

வீட்டில் சர்வர் வைக்க முடியாமல் போவதற்கு ஒப்பந்தத்தைவிடப் பெரிய காரணம் வேறு ஒன்று இருக்கிறது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐ.பி.வி.4 (பழைய வகை இணைய முகவரி) முகவரிகளின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டதால், நிறுவனங்கள் சி.ஜி.நாட் முறையில் ஒரே முகவரியின் பின்னால் பல வீடுகளை அடைக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் வீட்டை அழைக்க வழியே இல்லை. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, பற்றாக்குறை மட்டுமே. முகவரிகளுக்குப் பஞ்சமில்லாத புதிய வகையான ஐ.பி.வி.6 அதைத் தீர்க்கிறது. ஆனால் நிறுவனம் கொடுக்கும் ரவுட்டரில் உள்வரும் இணைப்புகளை அனுமதிக்கும் அமைப்பைப் பூட்டி வைத்திருந்தால், அந்தப் பற்றாக்குறைக்குப் பதில் இப்போது நிறுவனம் எடுத்த ஒரு முடிவு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

கம்பிவடம்

பூட்டுவது, தெரியாமல் எதையாவது மாற்றிவிட்டு இரவு பதினோரு மணிக்கு "நெட் வரவில்லை" என்று அழைப்பவர்களால். கேட்பவருக்கு நான் திறந்துதான் கொடுக்கிறேன். எழுதிக் கேட்கட்டும், தன் கருவிக்குத் தானே பொறுப்பு என்று ஏற்கட்டும். அதற்கு மேல் அவர் வீட்டில் என்ன வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு என் போர்ட் திணறாமல் இருந்தால் போதும்.

வழக்காடி

பொருநை அவர்களுக்கு நடைமுறை ஆலோசனை. டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் நிறைவளிக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 2012 ஒழுங்குமுறையின்படி இந்த இரு நிலைகளும் கட்டாயம் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் திறந்திருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை அந்த மன்றங்கள் விசாரிக்கலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது.

புகாரில் உங்கள் சர்வரின் அருமையைப் பற்றி எழுத வேண்டாம். மூன்று விவரங்களை எழுத்து மூலம் கேளுங்கள்: "அளவுக்கு மீறிய" என்பதன் எண், உங்கள் போர்ட்டில் நெரிசல் ஏற்பட்டதாக அவர்கள் கூறும் நாளும் நேரமும், உங்கள் இணைப்பில் சர்வர் இயங்குவது அவர்களுக்கு எவ்வாறு தெரியவந்தது என்பது. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் தரும் பதிலை இங்கே பதிவிடுங்கள். உங்கள் பாக்கெட்டுகளை எவ்வளவு தூரம் திறந்து பார்க்கிறார்கள் என்பது அதிலிருந்துதான் தெரியும்.